மூலத்தைக் கொடுக்கும் முறை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் இன்று பாதிப் பேர் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் அடிக்கடி கோடு வந்து விழுகிறது. "இது ஏன் ஓடவில்லை?" என்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார், வேறொருவர் சிரிக்கிறார். வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது, எப்படிக் கேட்பது, எப்படித் திருத்திச் சொல்வது என்பதற்கு நாற்பது ஆண்டுக்கு மேலான வரலாறு உண்டு. அதில் தமிழர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமும் உண்டு. அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் இந்தப் பதிவை நான் தமிழில் தட்டியிருக்கவே முடியாது.

கணினி பக்கம் போகாத உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. கணினிக்கு மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்தாம் நிரல். நாம் பயன்படுத்தும் ஆப் என்பது சமைத்து இறக்கிய குழம்பு. அதன் செய்முறைத் தாள்தான் மூல நிரல். குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்து மட்டும் அதைத் திருத்த முடியாது, தாள் வேண்டும்.

"மூலம்" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த நம் சேலத்துக்காரர் ஒருவர், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பிறகு தம்மிடம் இருந்த பிரதியையும் கொடுத்தார். அவர்தான் சேலம் இராமசுவாமி முதலியார். அந்த ஒரு கொடையில் தொடங்கிய வேலை 1887-இல் அச்சுப் புத்தகமாக முடிந்தது. இடையில் பல ஊர்களிலிருந்து ஏடுகள் வந்தன. ஒரே பாட்டு ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஐயர் வேறுபாடுகளை மறைக்கவில்லை, பாடபேதம் என்று குறித்து வைத்தார். ஏடு கொடுத்தவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரையில் நன்றியோடு எழுதினார்.

மூலத்தைக் கெடாமல் கொடுப்பது, மாறிய இடத்தைச் சுட்டிக் காட்டுவது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்காரர்கள் நூறு ஆண்டு கழித்து வேறு வழியில் நடந்து இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூஸ்நெட் என்ற ஏற்பாட்டை யோசித்தார்கள். ஒரு கணினி இன்னொன்றுக்குத் தொலைபேசி வழியாகச் செய்திகளைத் தள்ளிவிடும், அது அடுத்ததற்குத் தள்ளும். ஊர் ஊராகத் தபால் பை கைமாறுவது போல. மக்கள் அதில் அரட்டையோடு நிரல்களையும் அனுப்பத் தொடங்கினார்கள். விரைவிலேயே, நிரலுக்கென்று தனிக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. நிரலைப் பற்றிய பேச்சுக்கு வேறு குழு. நிரல் வரும் இடத்தில் "நன்றி, அருமை" என்று எழுதக்கூடாது என்பது வழக்கமானது. ஆணவத்தால் வந்த விதியல்ல இது. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் தொலைபேசிக் கட்டணத்தில் பயணம் செய்தது.

அடுத்த சிக்கல் திருத்தம். ஆயிரம் வரி நிரலில் 3 வரி பிழை என்றால், அந்த 3 வரிக்காக ஆயிரம் வரியையும் மறுபடி அனுப்ப வேண்டுமா? 1985-இல் லாரி வால் என்பவர் "பேட்ச்" என்ற சிறு கருவியை யூஸ்நெட்டில் வெளியிட்டார். பழைய பிரதிக்கும் புதிய பிரதிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பினால் போதும். வாங்குபவரின் கணினியில் அந்தக் கருவி சரியான இடத்தைத் தேடித் திருத்தத்தை ஒட்டிவிடும். வேறுபாட்டுக்கு மேலும் கீழும் மாறாத வரிகள் சிலவற்றையும் சேர்த்து அனுப்புவார்கள், இடம் அடையாளம் தெரிவதற்காக. ஐயரின் பாடபேதக் குறிப்பை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

இனி 1995-க்கு வருவோம். இந்தக் கதையில் அது முக்கியமான ஆண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டும்தான். மலையில் இருந்து தொட வேண்டுமானால் எஸ்.டி.டி. போட வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் காத்திருந்து பேசிய காலம் அது. எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 1995-இல், இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஓர் ஆவணம் வெளிவந்தது. ஆர்.எஃப்.சி. 1855 என்று அதற்குப் பெயர், இணைய நாகரிகம் பற்றியது. அதில் உள்ள சில அறிவுரைகள்: ஒரு வரி 65 எழுத்துக்குள் இருக்கட்டும். உங்கள் கையொப்பம் 4 வரிக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும். ஒரு குழுவில் சேர்ந்ததும் எழுதத் தொடங்காமல் ஓரிரு மாதம் படித்துப் பாருங்கள். நிரல் போன்ற பெரிய கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும்போது 50 கிலோபைட்டைத் தாண்ட வேண்டாம்.

50 கிலோபைட்டா என்று சிரிக்காதீர்கள். கணக்குப் போடுவோம். 50 கிலோபைட் என்பது ஏறத்தாழ 4,10,000 பிட். அன்றைய மோடத்தில் நொடிக்கு 9,600 பிட் வரும் என்று வைத்துக்கொண்டால், இறங்கி முடிய முக்கால் நிமிடம். குழுவில் 500 பேர் இருந்தால், நீங்கள் ஒருமுறை பொத்தானை அழுத்தியதற்கு மற்றவர்கள் மொத்தமாக 6 மணி நேரத் தொலைபேசிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். நாகரிகம் என்று அவர்கள் சொன்னது அடுத்தவர் காசையும் நேரத்தையும் பற்றிய அக்கறையைத்தான்.

அதே 1995-இல்தான் தமிழர்களின் அத்தியாயமும் தொடங்குகிறது. மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் துணையால் அங்கே தமிழிலேயே எழுத முடிந்தது. கடல் கடந்து சிதறிக் கிடந்தவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியது போல இருந்திருக்கும்.

ஆனால் ஒரு பெரிய இடைஞ்சல். கணினிக்கு எழுத்து என்பது எண்தான். "க" என்பதற்கு எந்த எண் என்று அன்று பொது உடன்பாடு நடைமுறையில் இல்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அன்றாடக் கணினிகள் அதைக் காட்டும் நிலைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி நாடு. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கல் வரும். ஆகவே தமிழர்களின் முதல் இணைய நாகரிகம் இதுவாக இருந்தது: நான் எந்த எழுத்துருவில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுவது. பழைய தமிழ் இணையதளங்களின் முகப்பில் "இப்பக்கத்தைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்று இருந்ததே, அதுதான்.

இதற்குத் தீர்வு காண பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடிப் பேசினார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் இன்னும் பலர். அதன் விளைவுதான் டிஸ்கி என்ற குறியாக்கம். மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு அப்படியே இருக்க, மீதி 128-இல் தமிழ். எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அட்டவணையை அவர்கள் யாருடைய பெட்டியிலும் பூட்டி வைக்கவில்லை, எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். யார் வேண்டுமானாலும் அந்த அட்டவணையை வைத்து எழுத்துரு செய்யலாம், தட்டச்சுக் கருவி செய்யலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரல் எழுதலாம். எழுதினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்ற வேறு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அட்டவணைகள் வெளிப்படையாக இருந்ததால் எதில் எழுதியதும் வீணாகவில்லை. பின்னாளில் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது.

அந்த மாற்றும் வேலைக்கு ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி பலருக்குக் கைகொடுத்தது. அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய இணையப் பக்கம். அத்தகைய பக்கத்தின் நிரலை உலாவியிலேயே திறந்து படிக்கலாம், கற்கலாம். தமிழா! குழுவில் முகுந்தும் நண்பர்களும் இ-கலப்பையை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆங்கில விசைகளில் தட்டினால் தமிழ் விழும். "ஐயா, இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உங்களில் ஒருவர்தான் என் கணினியில் அதை ஏற்றிக் கொடுத்தீர்கள். முத்து அண்ணாமலை ஒரு படி மேலே போய், தமிழிலேயே நிரல் எழுத "எழில்" என்ற மொழியை உருவாக்கினார். அதில் திரையில் எதையாவது காட்ட "பதிப்பி" என்று கட்டளையிட வேண்டும். அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமானது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக இணையத்தில் வைக்கிறார்கள். அந்தக் கோப்பு எதையாவது திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார், எந்தக் குறியாக்கம் என்று இருக்கும். கூடவே ஒரே ஒரு நிபந்தனை: தாராளமாகப் பரப்பலாம், ஆனால் இந்தத் தலைப்புப் பக்கத்தை நீக்காமல் பரப்ப வேண்டும். காசு கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. பெயரை வெட்டாதே என்று மட்டும் கேட்டார்கள்.

கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் இதே நிபந்தனைதான். நிரலின் தலையில் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக்கூடாது. இதை அலட்சியமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் சாட்சி. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் ஒரு யூஸ்நெட் குழுவில், நான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், என்ன வசதி வேண்டும் என்று கேட்டு எழுதினார். உலகெங்கும் இருந்து மின்னஞ்சலில் திருத்தங்கள் வந்து குவிந்தன. 2003-இல் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்து, எங்களுக்குச் சொந்தமான நிரல் லினக்ஸில் கலந்திருக்கிறது என்று சொன்னது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நிலை. 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்புபவர் தம் பெயரைப் போட்டு, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் வழக்கம் வந்தது.

லினக்ஸ்காரர்களிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. திருத்தத்தை இணைப்பாக அனுப்பக்கூடாது, மின்னஞ்சலின் உடம்பிலேயே வெறும் எழுத்தாக இருக்க வேண்டும். படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே தம் கருத்தை எழுதித் திருப்பி அனுப்புவதற்காக. விடைத்தாளின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதுவேனே, அதே வேலை.

தமிழ்நாட்டிலும் இந்தப் பள்ளி நடந்தது. 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. அதன் மின்னஞ்சல் குழுவில் பதிலை மேலே எழுதாதீர்கள், கேள்விக்குக் கீழே எழுதுங்கள், தேவையில்லாத பழைய வரிகளை வெட்டுங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்மைப் போலவே மலைவாசி ஒருவரும் அந்த வட்டத்தில் இருந்தார். ஊட்டியில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ், பைத்தான் மொழியை இந்தியாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர். 2012-இல் மறைந்தார். அவர் பெயரில் இன்றும் விருது கொடுக்கிறார்கள். நிரல் உலகில் பேர் வாங்கப் பெங்களூருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இப்போது நம் குழுவுக்கு வருகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் கேள்வி கேட்டாள். நம் சேர்வராயன் மலையின் உள்கிராமம் ஒன்றிலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி போகிற பிள்ளை. மடிக்கணினித் திரையைப் போனில் மூன்று படம் எடுத்துப் போட்டாள். சாய்வாக, விளக்கு வெளிச்சம் பட்டு, பாதி வரிகள் தெரியவில்லை. "எரர் வருது" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒருவர் "கூகுள் பண்ணும்மா" என்றார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். பத்து நிமிடத்தில் அவள் கேள்வியை அழித்துவிட்டாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவள் கேட்ட முறை சரியில்லைதான். படத்தில் உள்ள நிரலை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. தேட முடியாது. பார்வையற்ற நண்பரின் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படித்துச் சொல்லாது. 2008-இல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்திலும் நிரலைப் படமாகப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? வகுப்பில் தப்பாகக் கேட்கிற பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்தால், அந்த வகுப்பில் அடுத்த கேள்வி வராது. 35 ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் சொல்கிறேன். டோர்வால்ட்ஸே கடுஞ்சொல்லுக்குப் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அவர் தம் பேச்சுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்தார். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கும் தேவைதான்.

எனவே சில வேண்டுகோள்கள். கேட்பவர்களுக்கு முதலில்.

நிரலைப் படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாக அனுப்புங்கள். அதிலும் வாட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டினால், இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பது தடித்த எழுத்தாகிக் குறிகள் மறைந்துவிடும். சில போன்கள் மேற்கோள் குறியை வளைத்துவிடும், பிறகு நிரல் ஓடாது. நிரலுக்கு முன்னும் பின்னும் சாய்ந்த ஒற்றைக் குறி மூன்று போட்டால் வாட்ஸ்அப் அதைத் தொடாது. நிரல் நீளமாக இருந்தால் கிட்ஹப் போன்ற இடத்தில் வைத்து இணைப்பைக் கொடுங்கள். ஆயிரம் வரியையும் கொட்டாமல், பிழை வரும் அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள். சுருக்கும்போதே பாதிப் பேருக்குப் பிழை கண்ணில் பட்டுவிடும். கடவுச்சொல் உள்ளே இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

நம் ஊரில் ஒருவருக்குக் காபி நாற்றுக் கொடுத்தால் வேரை உதறிக் கொடுப்பதில்லை. மண்ணோடு கொடுப்போம். எந்த ரகம், எவ்வளவு நிழல் வேண்டும் என்றும் சொல்வோம். நிரலும் அப்படித்தான். எந்த மொழி, எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று சொல்லுங்கள். பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் போடுங்கள். விடை கிடைத்ததும் எது சரிசெய்தது என்று ஒரு வரி எழுதுங்கள், நாளை அதே சிக்கலில் மாட்டுகிறவருக்கு உதவும்.

பதில் சொல்பவர்களுக்கு: முறை தெரியாதவருக்கு முறையை முதலில் சொல்லிக் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. முழு நிரலையும் நீங்களே மாற்றி எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். எந்த வரி, ஏன் என்று காட்டுங்கள். நேரம் இல்லையென்றால் பேசாமல் இருங்கள், சிரிக்காதீர்கள்.

இருவருக்கும்: எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய நிரலையும் சிலர் தாமே எழுதியது போலப் போடுகிறார்கள். வாங்கினால் வாங்கியது என்றே எழுதுங்கள். பதில் சொல்பவர் எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

அந்தப் பிள்ளையிடம் நான் பேசிவிட்டேன். அடுத்த கேள்வியை எழுத்தாக, முறையாகப் போடுவாள். உங்களில் பைத்தான் தெரிந்த இரண்டு மூன்று பேர் ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் குழுவைப் பார்க்க முடியுமானால் கீழே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவளைப் போல இன்னும் நான்கைந்து பேர் கேட்கத் தயங்கி நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
ஏற்காடு